வீட்டுக்குப் போனவர்களின் பட்டியல்

மகனே, கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை நீ பெங்களூர் போகிறாய், ஆறு மாதம் அங்கே தங்கிக் கம்பெனியை வளர்க்கப் போகிறாய் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நேரில் பேச வேண்டியதை எதற்கு நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பாய். போன மாதம் ஒரு மேடையில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு என் வாழ்க்கையை எடுத்துச் சொன்னாயே, அப்போது என்னிடம் கேட்டாயா? பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றதைச் சொன்னாய். உன் அப்பா போன கதையைச் சொன்னாய். சிறிய ஜெராக்ஸ் கடை, படிக்க விளக்கில்லாத வீடு என்றெல்லாம் சொன்னாய். நம் வீட்டில் விளக்கு இருந்தது. கடைக்குப் பத்து வருடமாக வருகிறவர்களுக்குக்கூட நான் எந்த ஊரில் பிறந்தேன் என்று தெரியாது. நான் அப்படி இருக்க விரும்பினேன், இருந்தேன். அந்த வீடியோவை ஒரு லாரி டிரைவர் என் கவுண்டரில் நின்று காட்டித்தான் நான் பார்த்தேன். ஆகவே இதுவும் வெளியிலேயே இருக்கட்டும். உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை, மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நீ எனக்குக் கொடுத்த மரியாதையைவிட இது கொஞ்சம் கூடுதல்.

அந்தப் பேச்சில் என்னைப் பற்றிச் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். "இந்த ஐடியா ஒரு நாள் ரயிலில் வரும்போது தோன்றியது, அன்றிலிருந்து தனி ஆளாக நின்று கட்டினேன்" என்றாய். கை தட்டினார்கள். கம்பெனி என்பது ஒருவனுடைய தலைக்குள் தோன்றி அவனுடைய பிடிவாதத்தால் வளர்வது என்று நம்புகிற கூட்டம் அது. நீயும் அதை நம்பத் தொடங்கிவிட்டாய் என்பது உன் முகத்தில் தெரிந்தது. ரயிலில் எதுவும் தோன்றவில்லை. நம் கடையில், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து யூசுப் பாய் சொன்னார். அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ பின்னால் ஜெராக்ஸ் மிஷினில் டோனர் மாற்றிக்கொண்டிருந்தாய். வெளியே எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகக் கேட்டுக்குள் போவதற்காகக் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் கடலோரமாக வரிசை கட்டி நின்றன. அவருடைய வண்டியும் அதில் ஒன்று. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் வந்து நின்னேன் தங்கச்சி. நிக்கிறதுகூட பேஜாரு இல்ல. எப்ப நகரும்னு எவனாவது கரெக்டா சொன்னா போதும். வூட்டாண்ட போய் ஒரு குளியல போட்டுகினு, ஒரு வாய் துன்னுட்டு, ரெண்டு அவர் படுத்துட்டு வந்துருவேன். வூடு தோ கீது, டோல்கேட்டாண்ட. இவ்ளோ கிட்ட கீது, போவ முடியல பாரு."

நீ மிஷினை மூடிவிட்டு வந்து, "மாமா, அத போன்ல சொன்னா பாப்பீங்களா?" என்று கேட்டாய். "நீ சொன்னா கண்ண மூடிகினு நம்புவேன் நைனா" என்றார். கேட்டு நிலவரத்தையும் வரிசை நகர்கிற வேகத்தையும் டிரைவர்களுக்குப் போனில் சொல்கிற உன் ஆப் அங்கேதான் தொடங்கியது. மேடையில் அவருக்கு நீ ஒரு வரி கொடுக்கவில்லை. ரயிலுக்குக் கொடுத்தாய்.

மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாமே உட்கார்ந்து தீர்மானித்துவிடலாம் என்கிற தப்பை உனக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உனக்கு இரண்டு வயது இருக்கும்போது ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் வாடகை நூலகம் ஒன்று தொடங்கினேன். எனக்குப் புத்தகம் பிடிக்கும், ஆகவே ஊருக்கும் பிடிக்கும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. பெயர்ப் பலகைக்கு மட்டும் இரண்டு வாரம் யோசித்தேன். உறுப்பினர் அட்டையை இரண்டு வண்ணத்தில் அச்சடித்தேன், ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன், எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டேன். திறந்த பிறகு வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "யக்கா, இந்த ஃபாரம் ரொப்பித் தருவியா?" ரேஷன் கார்டு, பென்ஷன், பள்ளிக்கூடச் சேர்க்கை, லைசென்ஸ். நான் எரிச்சலோடு, "இது நூலகம்மா, அதெல்லாம் இங்கே இல்லை" என்று திருப்பி அனுப்பினேன். எட்டு மாதம் அப்படி அனுப்பினேன். ஒரு பெண்மணி போகும்போது, "புக்கு கீது, பேனா இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நீயும் உன் நண்பர்களும் பிவட் என்று ஏதோ பெரிய வித்தை மாதிரிச் சொல்கிறீர்களே, போகிற திசையை மாற்றுவது, அதை நான் அன்றைக்குச் செய்தேன். வாசலில் நின்று கேட்டவர்களின் பக்கம் திரும்பினேன், ஜெராக்ஸ் மிஷின் வாங்கிக் கடையை இந்தச் சாலைக்கு மாற்றினேன். நீயும் திரும்பினாய். எந்தப் பக்கம் என்பதற்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதம் நீ டிரைவர்களிடம் பேசியது எனக்குத் தெரியும். என் கடையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசினாய். "இப்படி ஒரு ஆப் வந்தா யூஸ் பண்ணுவீங்களாண்ணா?" என்று கேட்டாய். எல்லோரும் "சூப்பரா இருக்கும் தலைவா" என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நீ என் பிள்ளை, வெயிலிலிருந்து வந்து நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் "சூப்பரை" நீ எழுதிவைத்துக்கொண்டு, தேவை உறுதியாகிவிட்டது என்று நண்பர்களிடம் சொன்னாய். ஒரு நாள் முழுக்க வரிசையில் போய் நில்லுடா என்று உன்னிடம் மூன்று தடவை சொன்னேன். "டைம் இல்லம்மா, சீக்கிரம் விடணும், வேற எவனாவது காப்பி அடிச்சிடுவான்" என்றாய். யார் காப்பியடிப்பார்கள்? அந்த வரிசையைத் திரும்பிப் பார்க்கவே ஆள் கிடையாது. திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து ஐடியாவைப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தவன், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டாய்.

நின்றிருந்தால் சாவி வழக்கம் உன் கண்ணில் பட்டிருக்கும். வரிசையில் அடுத்தடுத்து நிற்கிற ஐந்தாறு வண்டிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டாகச் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் மட்டும் விழித்திருப்பார். மற்றவர்கள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள், குளிக்கப் போவார்கள், பக்கத்திலேயே எங்காவது படுத்துக் கண்ணயர்வார்கள். வரிசை நகர்ந்தால், விழித்திருப்பவர் ஒரு வண்டியில் ஏறி முன்னால் நகர்த்தி நிறுத்துவார். இறங்கிப் பின்னால் நடந்து வந்து அடுத்த வண்டியில் ஏறுவார். இப்படி ஆறையும் நகர்த்துவார். பிறகு முறை மாறும். யாரும் யாரிடமும் எழுதி வாங்குவதில்லை. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறவனைத்தான் கேலி செய்வார்கள். "இன்னா மாமு, சாவிய எட்த்துகினு போறே, மாமனார் வூட்டு சீரா?" என்று ஒருவர் கேட்க, அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்து சாவியை வைத்துவிட்டுப் போனதை நான் கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். நூறு அடி தூரத்தில் நடப்பது. உன் ஆப்புக்கு ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு டிரைவருக்கு ஒரு போன். அப்படி ஒரு உலகத்தை நீ லேப்டாப்புக்குள் செய்துகொண்டாய்.

ஆனாலும் ஆப் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். கேட்டு மூடியிருக்கிறது, இன்னும் மூன்று மணி நேரத்துக்கு நகராது என்று போன் சொல்லும்; ஆட்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்வந்தார்கள். அதை அவர்களுடைய போனில் ஏற்றி வைத்தவள் நான்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், விண்ணப்பம் போட வந்தவர்கள், எல்லோரிடமும் நான் சொன்னேன். "என் பையன் செஞ்சது, நம்பிப் போடுங்க." அவர்கள் என்ன ஏது என்று கேட்கவில்லை. என்னிடம் வருகிறவர்கள் ஒரு காரணத்துக்காகத்தான் வருகிறார்கள்: எந்தத் தாளாக இருந்தாலும் நான் முழுக்கப் படித்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடச் சொல்வேன். பொடி எழுத்தைக்கூட விடமாட்டேன். உன் ஆப்பில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பக்கம் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. அத்தனை பேருடைய போனிலும் அந்தக் கட்டத்தை என் விரலாலேயே தொட்டேன். பெற்ற பிள்ளை எழுதியதைச் சந்தேகத்தோடு படிப்பதா என்று இருந்துவிட்டேன். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான். உன் தப்பைச் சொல்லும்போது இதை மறைத்தால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை.

போன புதன்கிழமை யூசுப் பாய் கடைக்கு வந்தார். கையில் ஒரு தாள். வழக்கம்போலக் கேலியாக எதுவும் பேசவில்லை. "தங்கச்சி, இத்த கொஞ்சம் படிச்சு சொல்லு. அண்ணாச்சி குட்த்தாரு. இனிமே வராதேன்னுட்டாரு" என்றார். அண்ணாச்சி என்பது அவருடைய முதலாளி, பன்னிரண்டு டிரெய்லர் வைத்திருப்பவர். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பைத் தமிழில் சொல்வதென்றால், வண்டியை விட்டுச் சென்ற ஓட்டுநர்கள். கீழே பெயர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே நாள், நேரம், எத்தனை மணி நேரம் வண்டியில் இல்லை என்ற கணக்கு. முதல் பெயர் அவருடையது. சிவப்பு. டோல்கேட் பக்கம் வீட்டில் இருந்த நேரமெல்லாம் சிவப்பு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போன நேரமும் சிவப்பு. அதற்கும் கீழே இன்னொரு குற்றம்: அனுமதியில்லாமல் மற்றவர்களின் வாகனங்களில் ஏறியது. காலை முறைக்கு அவர்தான் விழித்திருப்பவர். ஆறு வண்டியையும் நகர்த்துகிறவர். அவருடைய போன் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் போனதையெல்லாம் உன் ஆப் திருட்டுத்தனம் என்று எழுதியிருந்தது. அந்தக் கூட்டில் எல்லோரையும்விட அதிகமாக உழைத்த மனிதருக்கு எல்லோரையும்விட அதிகமான சிவப்பு.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அவர் தாளை வாங்கி, மேலே மூலையில் இருந்த படத்தை விரலால் தொட்டார். அவருடைய போனில் தினமும் பார்க்கிற படம். "இது நம்ம புள்ள போட்ட படந்தான?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "அவனுக்குத் தெரியாம எவனோ பண்ணிகிறான் தங்கச்சி. கம்பூட்டர்ல பூந்து எட்த்துருப்பானுங்க. நீ அவன திட்டிகினு இருக்காதே."

அவர் போன பிறகு உனக்குப் போன் செய்யவில்லை. ரெஜினாவுக்குச் செய்தேன். உன்னோடு சேர்ந்து ஆப்பை எழுதியவள், இரண்டு மாதத்துக்கு முன்னால் விலகிப் போனவள். அவளுக்குப் பொறுமை இல்லை, பெரிதாக யோசிக்கத் தெரியவில்லை என்று நீ என்னிடம் சொன்னாய். அவள் சொன்னது வேறு. டிரைவர்கள் காசு கொடுத்து ஆப் வாங்கப் போவதில்லை என்று தெரிந்ததும், முதலீடு போடுகிறவர்கள் உன்னைக் கேட்டிருக்கிறார்கள், இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று. நல்ல கேள்விதான். லாரி முதலாளிகள் கொடுப்பார்கள் என்று கண்டுபிடித்தாய். எதற்குக் கொடுப்பார்கள்? டிரைவர் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கொடுப்பார்கள். அதுதான் நீ திரும்பிய பக்கம்.

"நான் சொன்னேன் ஆன்ட்டி," என்றாள் ரெஜினா. "வண்டி மாத்தி மாத்தி ஏறுறாங்க, இந்த டேட்டா தப்பா காட்டும்னு சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம்னான். சரி, டிரைவர்ஸ்கிட்ட சொல்லிட்டாவது பண்ணலாம்னு கேட்டேன். 'சொன்னா எவன் ஆப்ப வெச்சுப்பான்?'னு கேட்டான். அன்னைக்குத்தான் கிளம்பிட்டேன்."

நான்கு நாளாக என் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம். சொன்னால் எவன் வைத்துக்கொள்வான். தெரியாமல் நடந்திருந்தால் அது அவசரம், சின்ன வயது, படிப்படியாகத் திருந்துவாய் என்று நானே உனக்காகப் பேசியிருப்பேன். உனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களை அனுப்பியவன் நீ. யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதிக் கொடுத்தவனும் நீ. இதற்கு வியாபார மாதிரி என்று பெயர் வைத்திருக்கிறாய். எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு, உன் தாய் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

அடுத்த நாள் யூசுப் பாயைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியின் அலுவலகத்துக்குப் போனேன். டோல்கேட்டில், மாடியில். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பாய்க்கும் போடச் சொன்னார், பாய் உட்காரவில்லை. சாவி வழக்கத்தை நான் விளக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம்மா, சாவிய வச்சுட்டுப் போறது எனக்குத் தெரியாதா? நானும் இதே ரோட்டுல கிளீனரா நின்னவன்தான். பாயி பதினோரு வருசமா என்ட்ட ஓட்டுதாரு, ஒரு சொல்லு இல்ல. ஆனா தாள்ல ஏறிப்போச்சுல்லா. இதே தாளு சரக்குக்காரனுக்கும் போயிருக்கு. பொட்டிக்குள்ள இருக்கது என் சொத்தா? நாளைக்கு ஒண்ணு களவு போச்சுன்னு வைங்க, தெரிஞ்சே இவர வச்சிருந்தியாலன்னு என்னையல்லா பிடிப்பான்."

"இது தப்பான தாள் அண்ணாச்சி. நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி ஆகாதும்மா. தாளு சொன்னத தாளுதான் மாத்தணும். இந்தக் கணக்கு தப்பு, இவரு வேலைய விட்டுப் போவலன்னு அதே கம்பெனி ஒரு தாளு குடுக்கட்டும். நான் சரக்குக்காரனுக்கு அனுப்பிட்டு அன்னைக்கே அவர வண்டில ஏத்திக்கிடுதேன். ஆனா திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்க. செவ்வாக்கிழமை புது டிரைவரு வாரான். வரச் சொல்லிட்டேன்."

படியிறங்கும்போது யூசுப் பாய், "ஒரு தாள் தான, நம்ம புள்ள குட்த்துருவான்" என்றார். அங்கேயே, சாலையோரத்தில் நின்று உனக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார், நாம் பேசுவது காதில் விழக்கூடாது என்று. நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கு நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் நீ வேகமாகப் பேசுகிறவன், பேசியதை மறந்துவிடுகிறவன்.

"அம்மா, அது ஒரு எட்ஜ் கேஸ்மா."

"அப்படின்னா?"

"எல்லாருக்கும் நடக்காது. ஒண்ணு ரெண்டு அப்படி வரும். ஆரம்பத்துல எல்லா ஸ்டார்ட்அப்லயும் இருக்கும்."

"அவர் ஒண்ணா, ரெண்டா?"

நீ அதை விட்டுவிட்டு, "இப்ப தப்புன்னு எழுதிக் குடுத்தா டேட்டாவே தப்புன்னு ஆயிடும்மா. செவ்வாக்கிழமை இன்வெஸ்டர்ஸ் சைன் பண்றாங்க. எல்லாம் போயிடும். ஒரு மாசம் பொறுத்துக்கச் சொல்லு, மாமாவ நானே வேலைக்கு எடுத்துக்கறேன்" என்றாய்.

"என்ன வேலைக்கு?"

"ஏதாவது. கம்யூனிட்டி மேனேஜர் மாதிரி."

ஐம்பத்திரண்டு வயது மனிதர். நாற்பது அடி டிரெய்லரைப் பின்பக்கமாக ஒரே தடவையில் சந்துக்குள் விடத் தெரிந்தவர். அவருக்கு நீ ஒரு பனியனும் அடையாள அட்டையும் கொடுத்து, போட்டோவுக்கு நிற்கவைப்பாய். நான் போனை வைத்துவிட்டேன். அவரிடம், பையன் வேலையாக இருக்கிறான், பிறகு பேசுகிறேன் என்றான் என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன பொய். இதுதான் கடைசி.

உன் அலமாரியில் இருக்கிற புத்தகங்களை எல்லாம் நான் படித்துவிட்டேன், தெரியுமா? நீ அடிக்கோடு போட்ட வரிகளையும் படித்தேன், போடாத வரிகளையும் படித்தேன். வேகமாகத் தோற்றுப் போ, தோல்வி என்பது பாடம் என்கிற இடத்தில் எல்லாம் கோடு போட்டிருக்கிறாய். யாருடைய தோல்வி? நீ தோற்றால் பெங்களூரிலிருந்து ரயிலேறி வருவாய், நான் சோறு போடுவேன், இன்னொரு மேடையில் அதையே ஒரு கதையாகச் சொல்வாய். யூசுப் பாய்க்கு அப்படி ஒரு மேடையை யாரும் போடப் போவதில்லை. நீ கற்றுக்கொண்ட பாடத்துக்கு அவருடைய வேலை எப்படிக் கட்டணமாகும்? இன்னொன்று. முதலீடு வந்துவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று உன் நண்பர்கள் கேக் வெட்டத் தயாராக இருக்கிறார்கள். ஆளுக்கொரு பதவியை அச்சடித்த விசிட்டிங் கார்டைப் பார்த்தேன். எனக்கு என் இரண்டு வண்ண உறுப்பினர் அட்டைதான் நினைவுக்கு வந்தது. நானாவது யாருக்கும் கெடுதல் செய்யாமல் முட்டாளாக இருந்தேன்.

நேற்று, சனிக்கிழமை, நான் கடையைத் திறக்கவில்லை. காலையில் எர்ணாவூர் பக்கம் வரிசையின் வாலில் தொடங்கிக் கேட்டு வரைக்கும் நடந்தேன். என்னை நம்பி ஆப் போட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடி, அந்தக் கட்டத்துக்குக் கீழே இருந்த பக்கத்தைப் படித்துச் சொன்னேன். இந்த ஆப் உங்கள் இருப்பிடத்தை முதலாளிக்குச் சொல்கிறது, இதை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள், வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றேன்.

"நீதான போட சொன்ன, இப்ப நீயே எடுக்க சொல்றே. இன்னா யக்கா, புள்ளையாண்ட சண்டையா?" என்றார் ஒருவர்.

"ஆமா" என்றேன்.

"சண்டன்னா சோறு போடாம வுடு. ஆப்ப ஏன் புடுங்குறே?" என்று பக்கத்து வண்டியிலிருந்து ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நான் பட்டியலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஒருவர், கேட்டு நிலவரம் நன்றாகத்தான் காட்டுகிறது, எனக்கு இருக்கட்டும் என்றார். அது அவருடைய விருப்பம், விட்டுவிட்டேன். உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான், ஒரு டிரைவர், ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டான்: "படிச்ச பொம்பள நீ. படிச்சுப் பாக்காமயா எங்களாண்ட சொன்னே?" நின்று கேட்டுக்கொண்டேன். இன்று உன் திரையில் எண்ணிக்கை சரிந்திருப்பதைப் பார்த்திருப்பாய். போட்டிக் கம்பெனி ஏதோ செய்துவிட்டது என்று நண்பர்களோடு உட்கார்ந்து ஆராயாதே. செய்தது நான்தான்.

இனி நாளை மட்டும் இருக்கிறது. அண்ணாச்சி கேட்ட தாளை நான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். நான்கு வரி, இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். நீ படித்துப் பார், நான் சொல்கிறேன் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதே. மாற்ற வேண்டுமென்றால் மாற்று, உண்மையைக் குறைக்காதே. இதைக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை பெங்களூரில் அவர்கள் கையெழுத்துப் போடாமல் போகலாம். போகட்டும். உனக்கு இருபத்திரண்டு வயது, லாரிகள் நாளைக்கும் நிற்கும், நீ உண்மையிலேயே கெட்டிக்காரன். கோபத்திலும் அது எனக்குத் தெரியும். டிரைவர்களிடம் சொல்லிவிட்டே நடத்தக்கூடிய ஒரு கம்பெனியை உன்னால் யோசிக்க முடியவில்லை என்றால்தான் நான் வருத்தப்படுவேன்.

இந்தக் கடிதம் இன்று உனக்கு மட்டும் வருகிறது. நாளை மாலை ஆறு மணிக்கு எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுவேன். பெயரை மாற்றியிருந்தாலும் வரிசையில் இருப்பவர்களுக்கு யார் யார் என்று தெரிந்துவிடும், யாராவது யூசுப் பாய்க்குப் படித்துக் காட்டுவார்கள். நாளை மத்தியானம் அவர் டோல்கேட்டில், அண்ணாச்சி அலுவலகத்து மாடிப்படிக்குக் கீழே உனக்காகக் காத்திருப்பார். நான் வரமாட்டேன். உனக்குத் தெரியாமல் எவனோ செய்துவிட்டான் என்றுதான் அவர் இந்த நிமிடம் வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் அவரைத் திருத்தவில்லை. தாளோடு படியேறுவதற்கு முன்னால், அதைச் செய்தது யார் என்று நீயே அவரிடம் சொல்.